மதச் சுதந்திரமும் வணிகமும்: ஓர் எளிய அறிமுகம்

எதை நம்புவது, எப்படி வழிபடுவது, அல்லது எந்த வழிபாடும் இல்லாமல் வாழ்வது என்பதை ஒருவர் தாமே தீர்மானித்துக்கொள்ளலாம். அந்தத் தீர்மானத்துக்காக அரசோ, சுற்றியுள்ள சமூகமோ, வேலை தரும் முதலாளியோ அவரைத் தண்டிக்கக் கூடாது. மதச் சுதந்திரம் என்பதன் சாரம் இதுவே. இது முதலில் மனிதருடைய உரிமை. ஆனால் இந்த உரிமை மதிக்கப்படும் இடங்களில் தொழிலும் வணிகமும் செழிப்பதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன என்பதை வரலாறும் அண்மைக்கால ஆய்வுகளும் காட்டுகின்றன. அந்தக் காரணங்கள் எவை, அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் புதிதாகப் படிப்பவருக்கும் விளங்கும் வகையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உரிமையின் எல்லைகளிலிருந்து தொடங்கலாம். 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் கூடிய ஐக்கிய நாடுகள் பொதுச்சபை உலகளாவிய மனித உரிமைகள் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. 48 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஒரு நாடும் வாக்களிக்கவில்லை. 8 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. அவற்றுள் ஒன்றான சவூதி அரேபியா, மதம் மாறும் உரிமையைப் பிரகடனம் ஏற்றதை ஆட்சேபித்தது. அந்த உரிமையைக் கூறுவது பிரகடனத்தின் 18-ஆம் பிரிவு. 1966-இல் ஏற்கப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்த குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையிலும், தற்செயலாக, இதே எண் கொண்ட பிரிவுதான் மதச் சுதந்திரத்தைப் பேசுகிறது.

இந்த உரிமைக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. மனத்துக்குள் நம்புவது, நம்பாமல் இருப்பது, நம்பிக்கையை மாற்றிக்கொள்வது ஆகியவை முதல் பக்கம். அவற்றில் எந்த அரசும் எந்தச் சூழ்நிலையிலும் கைவைக்க முடியாது. வழிபாட்டுக் கூட்டம் நடத்துவது, சமய அடையாளங்களை அணிவது, நம்பிக்கையைப் பிறருக்கு எடுத்துச் சொல்வது போன்ற வெளிப்பாடுகள் இரண்டாவது பக்கம். பொதுப் பாதுகாப்பு, ஒழுங்கு, நலவாழ்வு, ஒழுக்கம், பிறருடைய அடிப்படை உரிமைகள் ஆகியவற்றைக் காப்பதற்குத் தேவைப்பட்டால் மட்டும், அதுவும் சட்டத்தின் வழியாக மட்டும், இவற்றுக்கு வரம்பு விதிக்கலாம். உடன்படிக்கையின் அமலாக்கத்தைக் கண்காணிக்கும் மனித உரிமைகள் குழு, கடவுள் நம்பிக்கை உள்ளவர்களைப் போலவே நாத்திகர்களும் இப்பிரிவின் பாதுகாப்புக்கு உரியவர்கள் என்று 1993-இல் தெளிவுபடுத்தியது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் மதச் சுதந்திரம் என்றாலே மத நம்பிக்கை உள்ளவர்களுக்கான சலுகை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். மதத்தை விட்டு வெளியேற முடியாத இடத்தில், உள்ளே இருப்பவர் விரும்பித்தான் இருக்கிறாரா என்பதை அறியவே வழியில்லை.

இச்சுதந்திரத்தை ஒடுக்குவது அரசு மட்டுமல்ல. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2007 முதல் 198 நாடுகளையும் ஆட்சிப்பகுதிகளையும் இரண்டு தனித்தனி அளவுகோல்களால் மதிப்பிட்டு வருகிறது. சட்டங்களும் அதிகாரிகளும் விதிக்கும் கட்டுப்பாடுகளை ஒன்று அளக்கிறது. கும்பல் வன்முறை, மிரட்டல், ஒதுக்கிவைத்தல் போன்ற சமூகப் பகைமையை மற்றொன்று அளக்கிறது. சட்டம் தாராளமாக இருந்தும் தெருவில் அச்சம் நிலவும் நாடுகள் உண்டு. தெரு அமைதியாக இருந்தும் அரசின் பிடி இறுகியிருக்கும் நாடுகளும் உண்டு. அதே மையத்தின் கணக்குப்படி 2019-இல் 79 நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் மத நிந்தனைத் தடைச் சட்டங்கள் இருந்தன. 22 இடங்களில் மதத்தைத் துறப்பதே குற்றமாக இருந்தது. மத நிந்தனைச் சட்டம் வழிபாட்டிடத்தோடு நின்றுவிடுவதில்லை. தண்டனை கடுமையாகவும் சாட்சிய விதிகள் தளர்வாகவும் இருக்கும் இடத்தில், சொத்துத் தகராறு, கடன் பாக்கி, தொழில் போட்டி ஆகியவற்றைத் தீர்த்துக்கொள்ள எதிராளிமீது நிந்தனைக் குற்றம் சாட்டுவது எளிதான வழியாகிவிடுகிறது. அத்தகைய ஊரில் ஒப்பந்தப் பத்திரம் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருந்தாலும் அதன் மதிப்பு குறைந்துவிடும்.

வெளியேறிச் சென்ற திறமை

மதச் சுதந்திரத்துக்கும் பொருளாதாரத்துக்கும் உள்ள தொடர்பை விளக்க, 17-ஆம் நூற்றாண்டு பிரான்சைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை. கத்தோலிக்கப் பெரும்பான்மை கொண்ட அந்நாட்டில் ஹியூகனாட்டுகள் எனப்பட்ட புராட்டஸ்டன்ட் சிறுபான்மையினருக்கு, 1598-இல் நான்ட் நகரில் வெளியிடப்பட்ட அரசாணை வரம்புக்குட்பட்ட வழிபாட்டுரிமையை அளித்திருந்தது. மன்னர் பதினான்காம் லூயி அதை 1685-இல் ரத்து செய்தார். ஆலயங்களை இடிக்கவும், மதபோதகர்கள் நாட்டைவிட்டு வெளியேறவும் ஆணையிட்டார். ஆனால் சாதாரண ஹியூகனாட்டுகள் வெளியேறக் கூடாது என்றும், மீறி அகப்படும் ஆண்கள் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனைக்கு உள்ளாவார்கள் என்றும் அறிவித்தார். இந்தத் தடையே ஓர் ஒப்புதல் வாக்குமூலம் போன்றது. அவர்களுடைய நம்பிக்கை அரசுக்கு வேண்டாம். அவர்களுடைய உழைப்பும் கைத்திறனும் மட்டும் வேண்டும். இரண்டையும் பிரிக்க முடியவில்லை. தடையை மீறி ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் பேர் வரை இங்கிலாந்து, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, ஜெர்மானிய அரசுகள் எனச் சிதறிச் சென்றார்கள். பட்டு நெசவு, கடிகாரத் தொழில், காகிதத் தயாரிப்பு, வங்கித் தொழில் ஆகியவற்றில் தேர்ந்தவர்கள் அவர்களுள் பலர்.

அதே ஆண்டில், பின்னாளில் பிரஷ்ய அரசின் மையமான ஜெர்மானியப் பகுதி பிராண்டன்பர்க்கின் ஆட்சியாளரான பிரடெரிக் வில்லியம் போட்ஸ்டாமிலிருந்து ஓர் ஆணை வெளியிட்டு அகதிகளை வரவேற்றார். கைவிடப்பட்ட வீடுகள், கட்டுமானப் பொருள்கள், சில ஆண்டுகளுக்கு வரிவிலக்கு, சொந்த மொழியிலேயே வழிபடும் உரிமை என அவர் வழங்கியவை தாராளமானவை. ஏறக்குறைய 20,000 பேர் அங்கே குடியேறினார்கள். முப்பதாண்டுப் போரால் ஆளரவம் குறைந்துபோயிருந்த அந்தப் பகுதிக்கு அது பெரும் எண்ணிக்கை.

இதன் விளைவைப் பொருளியல் அறிஞர் எரிக் ஹோர்னுங் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் நுட்பமாக அளந்து காட்டினார். பிரஷ்ய அரசு 1802-இல் திரட்டிய நெசவுத் தொழிற்கூடங்களின் புள்ளிவிவரத்தை எடுத்துக்கொண்டு, ஹியூகனாட்டுகள் அதிகமாகக் குடியேறிய ஊர்களையும் மற்ற ஊர்களையும் அவர் ஒப்பிட்டார். குடியேற்றம் நடந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகும் அவர்கள் வாழ்ந்த ஊர்களின் தொழிற்கூடங்கள் கூடுதல் உற்பத்தித்திறனுடன் விளங்கின. ஏற்கெனவே வளமாக இருந்த ஊர்களைத் தேடி அகதிகள் போயிருக்கலாமே என்ற ஐயம் இயல்பாக எழும். அதற்கும் அவர் விடை தேடினார். போரில் மக்கள்தொகையை இழந்த ஊர்களுக்கே அரசு அகதிகளை அனுப்பியது என்பதால், போர்க்கால இழப்பைக் கொண்டு கணித்தபோதும் அதே முடிவு கிடைத்தது. பிரான்சின் பிற்காலத் தேக்கம் முழுவதற்கும் இந்த வெளியேற்றமே காரணம் என்று சொல்வது மிகையாகும். தொடர்ச்சியான போர்களும் வரிச்சுமையும் அந்நாட்டை வாட்டின. ஆயினும் ஒரு நாடு துரத்திய திறமை மற்றொரு நாட்டில் தலைமுறைகளைத் தாண்டிப் பலனளித்தது என்பதில் ஐயமில்லை.

1492-இல் ஸ்பெயின் தன் யூதக் குடிமக்களை, மதம் மாறாவிட்டால் வெளியேறுமாறு ஆணையிட்டபோதும் இதுவே நடந்தது. உதுமானியப் பேரரசு அவர்களுள் பலருக்கு இடமளித்தது. விரைவிலேயே அதன் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளில் அவர்கள் எபிரேய அச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார்கள்.

இன்றைய நிறுவனத்துக்குள்

இன்று பெரும்பாலான இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்கிறது. யாரும் நாட்டைவிட்டு ஓடவில்லை. விண்ணப்பம் மட்டும் குப்பைக்குப் போகிறது. பிரான்சில் கிளேர் அடிடா, டேவிட் லைட்டின், மாரி-ஆன் வல்ஃபோர் ஆகிய மூவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. செனகல் நாட்டுப் பின்னணி கொண்ட இரண்டு விண்ணப்பதாரர்களைக் கற்பனையாக உருவாக்கினார்கள். கல்வியும் அனுபவமும் சமமாக இருக்க, ஒருவர் கிறித்தவர் என்பதையும் மற்றவர் இஸ்லாமியர் என்பதையும் மட்டும் விண்ணப்பம் உணர்த்தியது. இருவரும் ஒரே நாட்டுப் பூர்வீகத்தினர் என்பதால் நிறமோ இனமோ வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்க முடியாது. நேர்காணலுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு இஸ்லாமிய விண்ணப்பதாரருக்கு இரண்டரை மடங்கு குறைவாக இருந்தது.

இதில் அநீதிக்கு ஆளானவர் விண்ணப்பதாரர். அதை யாரும் மறுக்க முடியாது. நிறுவனமும் இழக்கிறது என்பது அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. வேலைக்குத் தகுந்தவரைத் தேடும் வட்டத்தை அது தானே சுருக்கிக்கொள்கிறது. வேலையில் சேர்ந்துவிட்டவர்களிடமும் இழப்பு தொடர்கிறது. தன் நோன்பை, தலைமுக்காட்டை, ஓய்வுநாளை, அல்லது தனக்கு நம்பிக்கையே இல்லை என்பதை மறைத்துக்கொண்டு வேலை பார்க்கும் ஒருவர், தன் கவனத்தில் ஒரு பகுதியை அந்த மறைப்புக்கே செலவிடுகிறார். அவர் கூட்டங்களில் குறைவாகப் பேசுவார். தவறு கண்டாலும் சுட்டிக்காட்டத் தயங்குவார். வேறு வேலை கிடைத்தால் போய்விடுவார்.

சந்தையின் பக்கம் ஒரு சிறு எடுத்துக்காட்டுப் போதும். 2014-இல் பிரிட்டன் அரசு, வட்டியைத் தவிர்க்கும் இஸ்லாமிய நெறிப்படி 20 கோடி பவுண்டு மதிப்பில் 'சுகுக்' எனப்படும் பத்திரத்தை வெளியிட்டது. இஸ்லாமியப் பெரும்பான்மை இல்லாத ஒரு நாட்டின் அரசு இத்தகைய பத்திரத்தை வெளியிட்டது அதுவே முதல் முறை. சமய நெறிக்கு மாறாமல் முதலீடு செய்ய விரும்புவோரின் பணத்துக்கு இதன் மூலம் ஒரு வாசல் திறந்தது. தங்கள் நெறியை வெளிப்படையாகச் சொல்ல மக்கள் அஞ்சும் நாட்டில், அவர்களுக்கு என்ன தேவை என்பதே வணிகருக்குத் தெரியவராது.

அச்சத்தின் விலை

முதலீட்டாளர் பெரிதும் அஞ்சுவது எதிர்பாராத நிலைகுலைவு. மதத்தின் பெயரால் வன்முறை வெடிக்கும்போது கடைகள் எரிகின்றன, போக்குவரத்து நிற்கிறது, பணியாளர்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள், காப்பீட்டுச் செலவு ஏறுகிறது. இவை உடனடிச் சேதங்கள். இவற்றைவிடப் பெரியது பின்னர் தொடரும் தயக்கம். இருபது ஆண்டுகளில் பலன் தரக்கூடிய ஆலையைக் கட்டுபவர், தம் வேலையாட்களும் அண்டைக் கடைக்காரர்களும் அங்கேயே பாதுகாப்பாக இருப்பார்களா என்று கேட்பார். விடை தெரியாவிட்டால், விரைவில் எடுத்துச் சென்றுவிடக்கூடிய முதலீட்டை மட்டுமே செய்வார்.

பெருநிறுவனங்களுக்கு இப்போது மேலும் ஒரு பொறுப்பு சேர்ந்திருக்கிறது. 2017-இல் மியான்மரிலிருந்து பெரும்பாலும் இஸ்லாமியரான ரோஹிங்கியா மக்கள் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்குத் தப்பியோடினார்கள். அவர்களுக்கு எதிரான வெறுப்புப் பேச்சு ஃபேஸ்புக்கில் பரவியிருந்தது. பிரிவினையைத் தூண்டவும் வன்முறையை ஏவவும் தன் தளம் பயன்படுவதைத் தடுக்கப் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்பதை அந்நிறுவனம் 2018-இல் ஒப்புக்கொண்டது. சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில், இஸ்லாமியரான உய்குர் மக்கள் அவர்களுடைய சமய வாழ்வுக்காகவும் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டது குறித்த செய்திகளும் கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டுகளும் பெருகியபின், அமெரிக்கா 2021 டிசம்பரில் ஒரு சட்டம் இயற்றியது. 2022 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டப்படி, அப்பகுதியில் முழுவதுமாகவோ பகுதியாகவோ உருவான எந்தப் பொருளும் கட்டாய உழைப்பால் செய்யப்பட்டதாகவே கருதப்பட்டு அதன் இறக்குமதி தடுக்கப்படும். அப்படியல்ல என்று நிறுவும் சுமை இறக்குமதியாளருடையது. பருத்தி, தக்காளி, சூரிய மின்தகடுகளுக்கான பாலிசிலிக்கான் ஆகிய துறைகள் முதன்மைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டன. எங்கோ ஓரிடத்தில் ஒரு சமூகம் படும் துன்பம், வெகுதூரத்தில் உள்ள ஒரு சட்டை வணிகரின் சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்தக்கூடிய நிலை உருவாகிவிட்டது. இதை நான் வரவேற்கிறேன்.

எவ்வளவு தூரம் நம்பலாம்?

மதச் சுதந்திரம் பொருளாதார வளர்ச்சியைத் தருகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட இயலாது. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பைப் புள்ளிவிவரங்களின் துணையோடு ஆராய்ந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் பிரையன் கிரிம். அவரும் வேறு இரண்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு 173 நாடுகளின் தரவுகளைப் பரிசீலித்து, வளர்ச்சியைப் பாதிக்கும் பிற காரணிகளைக் கணக்கில் கொண்ட பின்னும், மதக் கட்டுப்பாடும் பகைமையும் குறைவாக இருப்பது வளர்ச்சியோடு சேர்ந்து காணப்படுகிறது என்று கண்டது. சேர்ந்து காணப்படுவது வேறு, காரணமாக இருப்பது வேறு. நேர்மையான நீதிமன்றங்களும் ஊழல் குறைந்த நிர்வாகமும் உள்ள நாடு, இரண்டையும் ஒருசேரப் பெற்றிருக்கலாம். மதத்தின்மீது கடும் கட்டுப்பாடு இருந்தும் 1978-க்குப் பிறகு சீனா கண்ட வேகமான வளர்ச்சியை இந்த வாதம் விளக்கியாக வேண்டும்.

எதிர்த்திசையில் இன்னொரு சான்றும் உண்டு. இங்கிலாந்தில் குவேக்கர்கள் எனப்பட்ட சிறுபான்மைக் கிறித்தவப் பிரிவினர் பல்கலைக்கழகங்களிலிருந்தும் அரசுப் பதவிகளிலிருந்தும் நீண்டகாலம் விலக்கிவைக்கப்பட்டார்கள். வேறு வழியின்றி வணிகத்தில் இறங்கிய அவர்களிடமிருந்துதான் காட்பரி, ரவுண்ட்ரீ ஆகிய சாக்லேட் நிறுவனங்களும், பார்க்ளேஸ், லாய்ட்ஸ் ஆகிய வங்கிகளும் தோன்றின. அப்படியானால் ஒடுக்குமுறை வணிகத்தை வளர்க்கிறதா என்று கேட்கத் தோன்றும். அவர்கள் ஓரளவு சகித்துக்கொள்ளப்பட்டதால்தான், தங்கள் கடையையும் கணக்கையும் எரியாமல் பாதுகாக்க முடிந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. மருத்துவர்களாகவும் அறிவியலாளர்களாகவும் நீதிபதிகளாகவும் வந்திருக்கக்கூடிய எத்தனை பேரை அந்நாடு இழந்தது என்பதற்குக் கணக்கு எதுவும் இல்லை.

என் கருத்தைச் சொல்வதானால், லாபம் இந்த உரிமைக்கு ஆதரவான ஒரு துணைச்சான்று, அதன் அடித்தளமன்று. லாபத்தின்மேல் உரிமையை நிறுத்தினால், ஒரு சிறுபான்மையினரை ஒடுக்குவதே லாபம் தரும் நாள் வரும்போது அந்த உரிமை சரிந்துவிடும்.

நிறுவனங்களின் பங்கு

ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் மன்றம் 2011-இல் ஏற்றுக்கொண்ட வணிகம் மற்றும் மனித உரிமைகள் குறித்த வழிகாட்டு நெறிகள், உரிமைகளைக் காக்கும் கடமை அரசுக்கும், அவற்றை மதிக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கும் உண்டு என்று வரையறுக்கின்றன. ஓர் அலுவலகத்தில் இது பெரும்பாலும் எளிய ஏற்பாடுகளாகவே அமையும்: பண்டிகை விடுப்பை ஊழியர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள அனுமதி, அமைதியாகப் பிரார்த்திக்கவோ தியானிக்கவோ ஓர் அறை, உணவகத்தில் பலருடைய உணவு விதிகளுக்கும் இடம். சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற சில பெருநிறுவனங்களில், பல சமயத்தவரும் கூடும் ஊழியர் குழுக்கள் முறையாகவே இயங்குகின்றன.

இணங்கிப்போவதற்கு எல்லை எது என்பதில்தான் சட்டங்கள் வேறுபடுகின்றன. அமெரிக்காவில், ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்த அஞ்சல் ஊழியர் ஒருவரின் வழக்கில் உச்சநீதிமன்றம் 2023-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஊழியரின் சமயத் தேவைக்கு இடமளிக்க மறுக்க வேண்டுமானால், அதனால் தன் தொழிலுக்குக் கணிசமான கூடுதல் செலவு ஏற்படும் என்று முதலாளி காட்ட வேண்டும். அற்பச் செலவைக் காரணம் காட்ட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமோ 2017-இல், அரசியல், சமய, தத்துவ அடையாளங்கள் அனைத்தையும் ஒரே மாதிரி விலக்கும் நடுநிலை விதி நேரடிப் பாகுபாடு ஆகாது என்றது. அதே நாளில் வேறொரு வழக்கில், வாடிக்கையாளர் விரும்பவில்லை என்பதை மட்டும் காரணமாக்கித் தலைமுக்காட்டுடன் பணியாற்றக் கூடாது என்று கூறுவதை அது ஏற்க மறுத்தது. முதல் தீர்ப்பு தாளில் சமமாகத் தோன்றினாலும், அணியும் கடமை உள்ளவரையே அது பாதிக்கும் என்பதால், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முதலாளிக்கும் நம்பிக்கை உண்டு; அங்கேதான் கேள்வி கடினமாகிறது. சம்பளம் தருபவர் ஒன்றை நட்பாகப் பரிந்துரைத்தாலும், பெறுபவருக்கு அது உத்தரவாகவே கேட்கும். சுரங்கக் கருவிகள் தயாரிக்கும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் உரிமையாளர்கள், தங்கள் கிறித்தவ நம்பிக்கையின்படி வேலை நேரத்தில் வாரந்தோறும் வழிபாடு நடத்தி, ஊழியர் அனைவரும் கலந்துகொள்ள வேண்டும் என்று விதித்திருந்தார்கள். நாத்திகரான ஓர் ஊழியர் விலக்குக் கேட்டார், மறுக்கப்பட்டது. 1988-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மனச்சான்றின் பேரில் ஆட்சேபிப்பவருக்கு விலக்கு அளித்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் வழிபாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. ஆட்சேபணை இல்லாதவர்களோடு உரிமையாளர்கள் அதைத் தொடர்ந்து நடத்தலாம் என்று அனுமதித்தது.